டிரிஃப்ட் கார் வாங்குறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க

போன கோடை லீவுல அக்கா பையன் குரங்கணியிலிருந்து போன் பண்ணினான். பத்தாம் வகுப்பு பரீட்சை முடிச்ச கையோட கேட்ட கேள்வி இதுதான்: "மாமா, ஆர்.சி. கார்ல டிரிஃப்ட் அடிக்கணும். எந்தக் கார் வாங்கட்டும்?"

அவன் ஏற்கனவே ஒரு தடவை ஏமாந்தவன். மூணு மாசம் சேர்த்த காசுல, பெட்டி மேல பெரிய எழுத்துல 'டிரிஃப்ட்'னு போட்டிருந்த ஒரு காரை ஆன்லைன்ல வாங்கியிருந்தான். விட்டுப் பார்த்தா நேரா ஓடுது, திருப்பினா அப்படியே குப்புறக் கவுந்திடுது. வழுக்கவே இல்ல. அந்தக் கடை பெயர் இங்க வேண்டாம். தப்பு கடையோட மட்டும் முடியல, என்ன பார்த்து வாங்கணும்னு எங்களுக்கும் தெரியல.

இதுல அக்காவுக்கு வேற ஒரு கணக்கு இருந்துச்சு. பக்கத்துப் பயலுக ரெண்டு பேரு ராத்திரியில போடிமெட்டு ரோட்டுல பைக்கை சாய்ச்சு ஓட்டுறதை செல்போன்ல படம் பிடிச்சுப் போட்டிருந்தாங்க. "இவனும் அங்கிட்டுப் போறதுக்கு முன்னாடி அந்தப் பொம்மைக் காரையாவது வாங்கிக் குடுத்துருடா"ன்னு சொன்னா. அதனால இந்த முறை நிதானமா படிச்சுப் பார்த்துட்டு வாங்குவோம்னு உட்கார்ந்தேன். ரெண்டு வாரம் படிச்சது, அப்புறம் குரங்கணி போய் சோதிச்சுப் பார்த்தது, ரெண்டையும் இங்க குறிப்பா எழுதி வைக்கிறேன். புதுசா வாங்குற யாருக்காவது உதவும்.

மெட்டும் தோகேயும்

டிரிஃப்ட்னா பின்சக்கரத்தை வழுக்க விட்டு, காரோட மூக்கு ஒரு பக்கமும் கார் போற திசை இன்னொரு பக்கமுமா, அந்தச் சாய்வைக் கைக்குள்ள வெச்சுக்கிட்டே வளைவைக் கடக்குறது. வழுக்கறது மட்டும்னா அது விபத்து. வழுக்கலைப் பிடிச்சு நிறுத்தினாத்தான் டிரிஃப்ட்.

இது வளர்ந்தது ஜப்பானோட மலைப் பாதைகள்ல. 1970-களில் குனிமிட்சு தகஹாஷிங்கிற பந்தய ஓட்டுநர் வளைவுகள்ல காரை இப்படி வழுக்கிவிட்டு ஓட்டுவார். அவரைப் பார்த்துக் கத்துக்கிட்ட கெயிச்சி சுச்சியா மலைப் பாதைகள்ல பழகிப் பெயர் வாங்கினார். 2001-ல் டி1 கிராண்ட் பிரீ என்கிற தொடர் போட்டியாவே ஆகிடுச்சு. அந்த மலைக் கணவாய்ப் பாதைக்கு ஜப்பான் மொழியில 'தோகே'ன்னு பெயர். அதை எழுதுற சித்திர எழுத்துல மலை, மேலே, கீழே என்கிற மூணு குறியும் சேர்ந்தே இருக்கும். ஏறி இறங்குற இடம். நம்ம ஊர்ல போடிமெட்டு, கம்பம்மெட்டுன்னு சொல்றோமே, அந்த மெட்டுதான் தோகே. அதனால போடிப் பையனுக்கு டிரிஃப்ட் மேல ஆசை வர்றதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. ஏலக்காய் மூட்டை ஏத்தின ஜீப்பும் பஸ்ஸும் எதிர்ல வர்ற ரோட்டுல அதைச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

வேகம் எதுக்கு?

ஆர்.சி. கார் பெட்டியில எல்லாத்தையும் விடப் பெரிசா போட்டிருக்கிறது வேகம். 40 கி.மீ., 60 கி.மீ.னு. டிரிஃப்டுக்கு அந்த எண் கிட்டத்தட்ட எதுக்கும் உதவாது. பிளஸ் டூ இயற்பியலே போதும், போட்டுப் பார்ப்போம்.

ஒரு வட்டத்துல சுத்துற காரை உள்பக்கமா பிடிச்சு வைக்கிறது டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு. அது தாங்கக்கூடிய அதிகபட்ச வேகத்தோட வர்க்கம் = உராய்வு எண் × 9.8 × வட்டத்தோட ஆரம். எடை இந்தச் சூத்திரத்துல வரவே இல்லங்கிறதைக் கவனிங்க.

2 மீட்டர் ஆரத்துல சுத்துறோம்னு வைங்க. ரப்பர் டயர், சிமெண்டுத் தரை, உராய்வு எண் 0.9 என்றால் வேகம் விநாடிக்கு 4.2 மீட்டர், அதாவது மணிக்கு 15 கி.மீ. அதைத் தாண்டினாத்தான் வழுக்கும். அந்த வேகத்துல திடீர்னு பிடி விட்டுச்சுன்னா பழகாத கைக்குப் பிடிபடாது. பல நேரம் வழுக்கறதுக்கு முன்னாடியே கார் கவுந்துடும். எங்க முதல் காருக்கு நடந்தது இதுதான். அதுக்கு மெத்து மெத்துன்னு ரப்பர் டயர்.

அதே வட்டத்துல கெட்டியான பிளாஸ்டிக் டயர் போட்டு, உராய்வு எண் 0.25 ஆச்சுன்னா, விநாடிக்கு 2.2 மீட்டர். மணிக்கு 8 கி.மீ. வேகநடைக்குக் கொஞ்சம் மேல. கண்ணு பார்க்கவும் கை திருப்பவும் நேரம் கிடைக்கும்.

இப்ப பெட்டியில போட்ட 40 கி.மீ. வேகத்துல இதே பிளாஸ்டிக் டயரோட டிரிஃப்ட் அடிக்கணும்னா ஆரம் எவ்வளவு வேணும்? 50 மீட்டர். வட்டத்தோட குறுக்களவு 100 மீட்டர். குரங்கணியில அவ்வளவு சமதரைக்கு எங்க போறது!

ஆக, டிரிஃப்ட் கார்னு தனியா ஒரு மந்திரம் கிடையாது. வழுக்குற டயர், சமமான தரை, அதுக்கு ஏத்த அளவுல கார். அதனாலதான் தரையிலிருந்து தொடங்கச் சொல்றேன்.

தரையை அளக்குறது

ஊருக்குப் பெட்டி தூக்கும்போது எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒண்ணு வீட்ல இருக்கும். அது போதும். காரைத் தரையில வெச்சு, கதவுப் பக்கமா, அதாவது சக்கரம் உருளாத திசையில, கயிறு கட்டித் தராசால மெதுவா இழுங்க. சீரா வழுக்கி வர்றப்ப தராசு காட்டுற எண்ணைக் காரோட எடையால வகுத்தா உராய்வு எண். 1,500 கிராம் கார், தராசு 375 கிராம் காட்டுதுன்னா 0.25. ஒரே இடத்துல பத்து தடவை இழுத்துச் சராசரி எடுங்க. கார் இன்னும் வாங்கலையா? பிளாஸ்டிக் டப்பாவுல மணல் நிரப்பி இழுத்தாலே எந்தத் தரை அதிகம் வழுக்கும்னு ஒப்பிட்டுடலாம்.

அக்கா வீட்ல மூணு தரை இருந்துச்சு. உள்ள பழைய ரெட் ஆக்சைடு தரை. வாசல்ல டைல்ஸ். பின்னாடி காப்பியும் மிளகும் காயப் போடுற சிமெண்டுக் களம். ரெட் ஆக்சைடுதான் நல்லா வழுக்குது, ஆனா கூடம் சின்னது. டைல்ஸும் வழுக்கும், ஒவ்வொரு இணைப்புலயும் சின்ன கார் தடுக்கி நிக்கும். களம் பெரிசு, ஆனா சொரசொரப்பு. காலையில பனி இறங்கி ஈரமா இருக்கிறப்ப ஒரு மாதிரி, வெயில்ல காய்ஞ்ச பிறகு இன்னொரு மாதிரி. தூசி இருந்தா வேற மாதிரி. பெருக்கிட்டு விட்டாத்தான் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி ஓடும்.

களத்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் டயர் தேயும்போது தரையில பொடி விழும். நாளைக்கு அதே களத்துல மிளகு காயப் போடுவாங்க. ஓட்டி முடிச்சதும் பெருக்கிக் கழுவி விடணும்னு மச்சான் கண்டிப்பா சொல்லிட்டார். அவர் சொன்னது நியாயம்.

பெரிசா, சின்னதா?

அசல் காரோட பத்துல ஒரு பங்கு அளவை 1:10 என்பாங்க. ஒண்ணேகால், ஒண்ணரை அடி நீளம் வரும். 1:28 என்றால் உள்ளங்கைக்குக் கொஞ்சம் கூட. வீட்டுக் கூடம், பளபளப்பான தரை என்றால் 1:28 போதும். டபிள்யூ.எல்.டாய்ஸ் கே969, கே989 மாதிரியானவை இந்த அளவுல மலிவா கிடைக்கிறவை. இதே அளவுல உசத்தி, கியோஷோவோட மினி-இசட் ஏ.டபிள்யூ.டி. சின்ன காரோட அடிவயிறு தரைக்குச் சில மில்லிமீட்டர் உயரத்துலதான் இருக்கும். களத்துல ஒரு மிளகு கிடந்தாலே போதும், தடுக்கிடும்.

சிமெண்டுக் களம், மொட்டை மாடி, பேட்மிண்டன் கோர்ட் என்றால் 1:10 பக்கம் போங்க. குறைஞ்சது 5 மீட்டருக்கு 8 மீட்டராவது இடம் வேணும்.

நாலு சக்கர இழுவையா, பின்சக்கர இழுவையா?

அசல் டிரிஃப்ட் கார்கள்ல பெரும்பாலும் பின்சக்கரத்துக்குத்தான் இழுவை. ஆர்.சி.யில நல்லா பழகினவங்களும் அதைத்தான் விரும்புவாங்க. எம்.எஸ்.டி. ஆர்.எம்.எக்ஸ் 2.0 அந்த வகை. ஆனா முதல் காருக்கு நாலு சக்கர இழுவைதான் என் சிபாரிசு. பின்பக்கம் வெளிய போனாலும் முன்சக்கரங்களும் சுத்தி இழுக்கிறதால, திருப்பின திசைக்குக் காரைக் கூட்டிட்டு வந்துடும். தப்பு செஞ்சாலும் மன்னிக்கும். டமியாவோட டிடி-02டி இதுக்கு நல்ல உதாரணம். 1:10 அளவு, மோட்டார் சக்தி ஒரே தண்டு வழியா முன்னும் பின்னும் போகும், பாகங்களா வரும், நாமளே பூட்டணும். பூட்டினவனுக்கு உடைஞ்சா கழட்டவும் தெரியும். ரிமோட், பேட்டரி, சார்ஜர் செலவு தனி, அதைக் கணக்குல சேர்க்க மறந்துடாதீங்க.

பின்சக்கர இழுவைக்கு கைரோ கட்டாயம் வேணும். கைரோன்னா கார் எவ்வளவு வேகமா சுழலுதுன்னு அளந்து, அதுக்கு எதிர்ப்பக்கமா முன்சக்கரத்தைத் தானே திருப்புற ஒரு சின்ன பெட்டி. எங்க தொழில்ல பின்னூட்டம் என்போமே, அதேதான். அதுல கெயின்னு ஒரு திருகு இருக்கும். குறைச்சு வெச்சா கார் பம்பரமா சுத்தும். கூட்டி வெச்சா முன்சக்கரம் நடுங்கும். நடுங்க ஆரம்பிச்ச இடத்துலேர்ந்து கொஞ்சம் குறைச்சா சரி. மலிவுல பின்சக்கர இழுவையைத் தொட்டுப் பார்க்கணும்னா டபிள்யூ.பி.எல். டி12னு ஒரு குட்டி டிரக் இருக்கு. 1:10 அளவு, மெதுவா ஓடும், பழகுறதுக்கு மோசம் இல்ல.

இன்னொரு விஷயம் பின் டிஃப்ரன்ஷியல். வளைவுல உள்பக்கச் சக்கரம் லேசாகிறப்ப, சாதா டிஃப்ரன்ஷியல் சக்தியை எல்லாம் அதுக்கே குடுத்து வீணாச் சுத்த விட்டுடும். டிரிஃப்டுக்குப் பின்னாடி ரெண்டு சக்கரமும் சேர்ந்தே சுத்துற மாதிரி லாக் பண்ணியிருக்கணும். வாங்குறப்ப கேளுங்க. இல்லாட்டி பின்னாடி லாக் பண்ண வழி இருக்கான்னு கேளுங்க.

பெட்டி மேல போடாத விஷயம்

எங்க முதல் காரோட பெரிய குறை டயர் கூட இல்ல. அதோட ஸ்டியரிங்குக்கு மூணே நிலைதான்: முழு இடது, நடு, முழு வலது. நடுவுல எதுவும் கிடையாது. ஆக்சிலரேட்டரும் அப்படித்தான், ஓடு அல்லது நில்லு. குழாயை முழுசா திறக்கவோ முழுசா மூடவோ மட்டும்தான் முடியும்னா வெந்நீரும் தண்ணீரும் கலந்து பதமா விளாவ முடியுமா? டிரிஃப்ட் முழுக்க விளாவற வேலைதான். விரல் எவ்வளவு திரும்புதோ சக்கரமும் அவ்வளவே திரும்பணும். இதை 'புரொபோர்ஷனல்' என்பாங்க. ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர் ரெண்டுக்கும் அந்த வார்த்தை இருக்கான்னு பாருங்க. கடையிலன்னா ரிமோட் சக்கரத்தைப் பாதி மட்டும் திருப்பிப் பாருங்க, முன்சக்கரமும் பாதி திரும்பி நிக்கணும். இல்லாட்டி வெளிய வந்துருங்க.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸா இருக்கட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைகள் ரெண்டு பக்கத்துல ஓடினா ஒண்ணோட ரிமோட் இன்னொண்ணைத் திருப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒவ்வொரு ரிமோட்டும் தன் காரோட மட்டும்தான் பேசும். குறைஞ்ச சக்திக் கருவிகளுக்கு இந்த அலைவரிசையை நம்ம அரசாங்கம் 2005-லேயே லைசென்ஸ் இல்லாம விட்டாச்சு.

பேட்டரி: இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க

நிக்கல் பேட்டரி (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு) 6 செல், 7.2 வோல்ட். லிப்போ என்கிற லித்தியம் பாலிமர் 2 செல், 7.4 வோல்ட். லிப்போ எடை குறைவு, சக்தி அதிகம். ஆனா ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது. ரெண்டு செல்லையும் தனித்தனியா பார்த்து ஏத்துற பேலன்ஸ் சார்ஜர் வேணும். 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரின்னா 2 ஆம்பியருக்கு மேல வைக்கக் கூடாது. பல நாள் ஓட்டப் போறதில்லன்னா செல்லுக்கு 3.8 வோல்ட்ல நிறுத்தி வைக்கணும். உப்பிப் போச்சுன்னா திரும்பவும் சார்ஜ் போடவே கூடாது. இதுல தப்பு நடந்தா வர்றது புகை இல்ல, நெருப்பு.

நான் போயிருந்த ரெண்டாவது நாள் சாயங்காலம், பையன் கூட்டாளிகிட்ட இரவல் வாங்கின லிப்போவைச் சார்ஜ் போட்டுட்டுக் கடைக்குப் போயிட்டான். போட்டிருந்த இடம் திண்ணை. பக்கத்துல இலவம்பஞ்சு மூட்டை அடுக்கியிருக்கு. அக்காதான் பார்த்தா. சுவிட்சை அணைச்சுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. 2018 மார்ச் 11-ல் இந்த மலையில பிடிச்ச காட்டுத்தீயில மலையேற வந்தவங்க இருபது பேருக்கு மேல இறந்துபோனாங்க. கீழ இருந்த ஊர்க்காரங்க அந்த ராத்திரியை இன்னும் மறக்கல. குரங்கணியில நெருப்புன்னா அது வெறும் வார்த்தை இல்ல.

பையன் திரும்பி வந்ததும் அக்கா திட்டல. "நீ கூட இல்லாம அது சார்ஜ்ல இருந்துச்சுன்னா காரும் இருக்காது, நீயும் வீட்ல இருக்க மாட்ட"ன்னு மட்டும் சொன்னா. இரவல் பேட்டரி அன்னிக்கே திரும்பப் போயிடுச்சு.

அதனால பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு என் சிபாரிசு நிக்கல் பேட்டரி. அதுவும் சூடாகும், அதையும் கண்ணு முன்னாடிதான் சார்ஜ் போடணும், ஆனா சின்னத் தப்பை லிப்போவை விடத் தாங்கும். டிரிஃப்டுக்கு வேகமே தேவையில்லன்னு மேல கணக்குப் போட்டோம் இல்லையா? அப்ப லிப்போவோட கூடுதல் சக்தியும் நமக்குத் தேவையில்ல. லிப்போதான் வேணும்னா கெட்டி ஓடு உள்ளது வாங்குங்க. பஞ்சு, பேப்பர், மரம் எதுவும் பக்கத்துல இல்லாத சிமெண்டுத் தரையில வெச்சு, ஆள் கூடவே உட்கார்ந்துதான் சார்ஜ் போடணும்.

டயருக்குப் பைப்புக் கடை

ஆர்.சி. டிரிஃப்ட் தொடங்கின காலத்துல கடையில டயர் கிடைக்காம, பி.வி.சி. பைப்பை வளையமா அறுத்து மாட்டித்தான் ஓட்டினாங்க. இப்பவும் அது செல்லும். 1:10 காரோட ரிம் வெளிவிட்டம் சுமார் 52 மி.மீ., டயரோட சேர்த்துச் சுமார் 63 மி.மீ., அகலம் 26 மி.மீ. தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற 63 மி.மீ. பைப்பு போடியில எந்தக் கடையிலயும் கிடைக்கும். 63 என்கிறது வெளிவிட்டம், உள்விட்டம் பைப்போட கனத்தைப் பொறுத்து மாறும். அதனால ரிம்மைக் கையோட கொண்டு போய்ப் போட்டுப் பாருங்க. லூசா இருந்தா ரிம்ல டேப் சுத்தி இறுக்கலாம். ஆக்சா பிளேடால அறுத்து, விளிம்பை உப்புத்தாள்ல தேய்ங்க. கோணலா அறுத்தா கார் குதிக்கும். நாலு சக்கரத்துக்கும் ஒரே பைப்புல அறுத்த வளையமே போடுங்க.

உதிரி பாகமும் வரியும்

முதல் மாசத்துல ஏதாவது ஒண்ணு உடையும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடலோட முன்பக்கக் கை, ஸ்டியரிங் சர்வோ, பினியன் கியர் மூணும் இந்தியாவுல எங்கயாவது தனியா கிடைக்குதான்னு தேடுங்க. கிடைக்கலையா, அந்தக் கார் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம். வெளிநாட்டு விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023-ல் 70 ஆச்சு. உங்க பார்சலுக்கு எந்த வகையில எவ்வளவு வரும்னு கேட்டுட்டு ஆர்டர் போடுங்க.

வாங்கினதும் செய்ய வேண்டிய முதல் செலவு பால் பேரிங். மலிவு கார்கள்ல பிளாஸ்டிக் புஷ் போட்டிருப்பாங்க, களத்துத் தூசியில சீக்கிரம் தேஞ்சுடும். எங்க விஷயத்துல தூசியோட இலவம்பஞ்சும் சேர்ந்துக்கிச்சு. காத்துல பறந்து வந்து சக்கர அச்சுல நூல் மாதிரி சுத்திக்கும். ஓட்டி முடிச்சதும் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால எடுத்து விடணும்.

கடைசியா வாங்கினது

புதுசு வாங்கல. மதுரையில ஒருத்தர் ஓட்டிட்டு ஓரமா வெச்சிருந்த 1:10 நாலு சக்கர இழுவைக் காரை ரிமோட்டோட பழைய விலைக்கு வாங்கினோம். நிக்கல் பேட்டரி ரெண்டு, சார்ஜர் ஒண்ணு புதுசு. டயருக்குச் செலவு ஒரு துண்டுப் பைப்பு, மச்சானோட தோட்டத்துல மிச்சமாக் கிடந்தது.

முதல் நாள் முழுக்க பம்பரம்தான். நான் சொன்ன பயிற்சி ஒண்ணுதான்: நடுவுல ஒரு செருப்பை வெச்சு அதைச் சுத்தி ஒரே பக்கமா வட்டம் போடு, கை பழகின பிறகு எதிர்ப்பக்கம், அப்புறம் ரெண்டு செருப்பு வெச்சு எட்டு. நாலாவது நாள் முன்பக்கக் கை உடைஞ்சது. உதிரி வர ஒரு வாரம் ஆச்சு, குரங்கணி வரைக்கும் கூரியர் வராததால போடிக்குப் போய் வாங்கிட்டு வந்தான். பூட்டினதும் அவனேதான்.

போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். களத்துல எட்டு போடுறான், மூணு சுத்து விடாம. வீடியோவுக்குக் கீழ ஒரு வரி: "மாமா, இன்னிக்கி தராசு 0.31 காட்டுது, பனி இல்ல, அதான் இழுக்குது." பைக் பயலுகள்ல ஒருத்தன் பக்கத்துல நின்னு ரிமோட்டுக்குக் கை நீட்டிட்டு இருக்கான். பின்னாடி விளக்குமாத்தோட அக்கா.